பத்துப் படமும் ஒரு வெற்றுப் பக்கமும்

2011 உலகக்கிண்ணம் நடந்த நேரம் நாங்கள் கிளிநொச்சியில் சின்ன வகுப்புப் பிள்ளைகள். செட்டிகுளம் முகாமில இருந்து ஊருக்குத் திரும்பி அதிக நாளில்லை. வீடு தகரக் கொட்டில். ஆனால் எல்லாற்ற காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ளும் றப்பர் பாண்ட் போட்ட ஒரு கட்டு கிரிக்கெட் காட் இருக்கும். வீரரின்ர படம், அதுக்குக் கீழ அவர் எடுத்த ஓட்டம், விக்கெட், சதம். ஒருத்தன் "விக்கெட்" எண்டு சொல்லுவான். ஆற்ற காட்டில கூட இருக்கோ, மற்றவன்ர காட் அவனுக்கு. முரளியை வச்சிருக்கிறவனிட்ட ஆரும் விக்கெட் கேக்கமாட்டம்.

போன விடுமுறையில் நண்பன் ஒருவனின் வீட்டில் இந்தக் கதை எடுபட்டது. அவனுடைய மாமா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "உங்களுக்குக் கடையில காட் வந்தது. நாங்கள் காட்டை நாங்களே செய்தனாங்கள்."

அந்த ஒரு வசனத்தால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் காட்டின் கதை. அது பிள்ளைகளுக்காகப் பிறந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் சிகரெட்டுகள் மெல்லிய கடதாசிப் பக்கற்றில் விற்கப்பட்டன. அவை நசியாமல் இருக்க உள்ளே ஒரு மட்டையை வைத்தார்கள். வெறும் மட்டைக்குப் பதிலாக அதில் படம் அச்சிட்டால் ஆட்கள் அதே சிகரெட்டையே திரும்பத் திரும்ப வாங்குவார்கள் என்று கொம்பனிகள் கண்டுபிடித்தன. 1887இல் அலன் அன்ட் ஜின்டர் கொம்பனி வெளியிட்ட 50 காட்டுகளில் 10 பேர் பேஸ்போல் வீரர்கள். 1896இல் பிரித்தானியாவின் வில்ஸ் கொம்பனி கிரிக்கெட் வீரர்களுக்கென்றே 50 காட் போட்டது. பிறகு சிகரெட்டின் இடத்துக்குச் சூயிங்கம் வந்தது. 1952இல் டொப்ஸ் என்ற சூயிங்கம் கொம்பனி 407 பேஸ்போல் காட்டுகளை வெளியிட்டது. இன்று நாங்கள் காட் என்று நினைக்கிற வடிவம், அதாவது முன்பக்கம் படமும் அணியின் சின்னமும், பின்பக்கம் கணக்குகளும், பெரும்பாலும் அங்கிருந்து வந்ததுதான். எண்பதுகளின் கடைசியில் இந்தியாவில் 'பிக் ஃபன்' பபிள்கம்மோடு ஓட்டமும் விக்கெட்டும் போட்ட படங்கள் வந்தன. அங்கத்தைய பிள்ளைகள் அதுக்காகவே கம் சப்பினார்கள்.

இதில் ஒரு விசயம் உண்டு. பக்கற்றை உடைக்கும்வரை உள்ளே ஆர் இருக்கிறார் என்று தெரியாது. அதனால்தான் மாற்றுவது. எல்லாக் காட்டையும் சேர்க்கிறவன் ஒரு வகை. ஒரே அணியை மட்டும் சேர்க்கிறவன் இன்னொரு வகை. அவன் மற்ற அணிக்காரர் எல்லாரையும் கொடுத்துத் தன்னுடைய ஆட்களை வாங்குவான். அமெரிக்காவில் அணி என்றால் ஊர். அந்தக் காலத்துப் புரூக்ளின் பிள்ளைக்கு டொட்ஜர்ஸ், பிற்ஸ்பேர்க் பிள்ளைக்குப் பைரேற்ஸ். எந்த அணி என்று அவன் யோசிக்கவே தேவையில்லை.

வன்னியில் ஒரு பெடியனுக்கு எது தன்ர ஊர் அணி? மாமாவின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் மாமாவின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டு, கிளாலிக் கடலால் கிளிநொச்சிக்கு வந்தது. அப்போது அவருக்குப் பதினாலு வயசு. பொருளாதாரத் தடை இருந்த காலம். பற்றரி வராது, எரிபொருள் வராது. 1996 மார்ச் 17 அன்று லாகூரில் இறுதியாட்டம். சைக்கிளைக் கவிட்டுவிட்டு ஒருத்தன் பெடலைச் சுத்த, டைனமோவில் றேடியோ பாடியது. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107. அவுஸ்திரேலியாவை இலங்கை 7 விக்கெட்டால் வென்றது. "சுத்தினவனுக்குக் கை விட்டுப்போச்சு, நாங்கள் மாறி மாறிச் சுத்தினம்" என்றார்.

அதுக்குப் பிறகுதான் கொப்பி. பாதி எழுதின பழைய கணக்குக் கொப்பி ஒன்று. ஒரு பக்கத்துக்கு ஒரு வீரர். கொழும்புப் பேப்பர் பிந்தித்தான் வரும், அதையும் வாசிச்சு முடிச்ச ஆட்களிடம் கெஞ்ச வேண்டும். கடையில் சாமான் சுத்தித் தந்த பேப்பரையும் விரிச்சுப் பார்ப்பார்களாம். படத்தை வெட்டி, சோத்துப் பசையால் ஒட்டி, கீழே றேடியோவில் கேட்ட ஓட்டக் கணக்கைப் பேனையால் எழுதுவது. ஜயசூரிய, களுவிதாரண, குருசிங்க, அரவிந்த, ரணதுங்க, திலகரட்ன, மகாநாம, வாஸ், தர்மசேன, முரளி. பத்துப் பேர் கிடைத்துவிட்டார்கள். விக்கிரமசிங்கவின் படம் மட்டும் கிடைக்கவே இல்லை. அந்தப் பக்கத்தில் பெட்டி ஒன்றைக் கீறி, பெயரை எழுதி, படத்துக்கு இடம் விட்டு வைத்தாராம்.

காட் என்பது சாமானோடு வருகிற சாமான். சாமான் வராத இடத்துக்கு அதுவும் வராது. பிரித்தானியாவிலும் 1940இல் போர்க்காலக் கடதாசித் தட்டுப்பாட்டால் சிகரெட் காட்டுகள் நின்றுபோயின. வன்னியில் காட் என்றால் ஆட்களுக்கு முதலில் நினைவு வந்தது குடும்ப காட், நிவாரண காட். எத்தனை தலை, எத்தனை கிலோ அரிசி என்று அந்தக் காட் சொல்லும். அந்த வீட்டுப் பெடியன் இரவில் என்ன கனவு கண்டான் என்று சொல்லாது.

ஆனால் எல்லாரும் அந்தக் கொப்பியை ரசிக்கவில்லை. "அவங்கட ரீமை ஏன்டா ஒட்டுறாய்?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அந்தக் கேள்வியை நாங்கள் லேசாகத் தள்ளிவிட முடியாது. 1995 டிசம்பரில் யாழ்ப்பாணம் இராணுவத்தின் கையில் விழுந்தது. அதே மாதம் மெல்பேர்னில் கண்டித் தமிழன் முரளிக்கு நடுவர் டரல் ஹெயர் நோபோல் கொடுத்துக்கொண்டிருந்தார். இடம்பெயர்ந்து வந்த பெடியன் ஒருவனுக்கு இந்த இரண்டு செய்தியும் ஒரே றேடியோவில்தான் வந்தன. இந்தியாவுக்கு நின்றவர்களிடம் மற்றவர்கள் "87ஐ மறந்திட்டியளோ?" என்றார்கள். மேற்கிந்தியத் தீவுகளுக்கு நின்றவர்கள்தான் ஒருத்தரிடமும் பேச்சு வாங்கவில்லை.

"நீங்கள் ஏன் இலங்கை?" என்று கேட்டோம். மாமாவிடம் ஒரே பதில் இருக்கவில்லை. முதலில் முரளி என்றார். 1999இல் அடிலெயிட்டில் நடுவர் முரளிக்கு நோபோல் கொடுத்தபோது ரணதுங்க அணியை எல்லைக்கோடுவரை கூட்டிக்கொண்டு போனதைச் சொன்னார். பிறகு "அரவிந்தவின்ர அடி" என்றார். கடைசியில், "எனக்கே கோவம் வரும். பிளேன் சத்தம் கேட்டா பங்கருக்குள்ள ஓடுவன், கொப்பியையும் கொண்டுதான் ஓடுவன்" என்றார். நாங்கள் அதுக்கு மேல் கேட்கவில்லை. 2011 ஏப்ரல் 2, மும்பை இறுதியாட்டத்தில் இலங்கை தோற்றபோது எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கத்தினோம், பாதிப் பேர் பேசாமல் இருந்தோம். அப்ப எங்களுக்கும் காரணம் சொல்லத் தெரியாது.

1996 நடுப்பகுதியில் கிளிநொச்சியும் இடம்பெயர, கொப்பி மல்லாவிக்குப் போனது. பிறகு திரும்பி வந்தது. 2009 ஜனவரியில் மறுபடி வெளிக்கிட்டபோதும் வந்தது. விசுவமடுவில் சுமை குறைக்க வேண்டி வந்தது. பிள்ளையின் பால்மா இருந்த பை வந்தது, கொப்பி இருந்த பை நின்றது.

டொப்ஸின் 1952 தொகுதியில் மிக்கி மான்ரிலின் காட் ஒன்று 2022இல் 12.6 மில்லியன் டொலருக்கு ஏலம் போனது. ஏன் அவ்வளவு விலை? விற்காமல் கிடந்த பெட்டிகளை 1960இல் கொம்பனியே கடலில் கொட்டியது. மிச்சத்தில் கனக்க அம்மாமார் வீடு கூட்டும்போது குப்பையில் போட்டார்கள். ஒன்று அரிதாகிறது என்றால் மற்றதெல்லாம் அழிந்துபோனது என்றுதான் அர்த்தம். அந்தக் கணக்கில் வன்னிக் கொப்பிகளை விட அரிதானது ஏது? ஆனால் அவற்றை ஏலத்தில் விட ஒருவரும் இல்லை, விடவும் தேவையில்லை. வரலாறு படிக்கிற எங்களுக்கு அவை வேறு விதத்தில் பெறுமதி. எங்கள் ஊர்களைப் பற்றி இருக்கிற ஆவணங்களில் அநேகமானவை ஆட்களை எண்ணின ஆவணங்கள். தடைக்குள் இருந்த ஒரு பிள்ளை தானே விரும்பித் தேர்ந்ததைச் சொல்லும் ஆவணம் மிகக் குறைவு.

ஆகவே உங்கள் வீட்டு மாமா, அண்ணாமாரைக் கேளுங்கள். ஸ்போர்ட்ஸ்டார் நடுப்பக்கமோ, ஒட்டின கொப்பியோ, காட் கட்டோ இருந்தால் படமெடுத்து வையுங்கள். எந்த ஊரில், எந்த வருசம், ஆரிட்ட வாங்கினது என்று பக்கத்தில் எழுதுங்கள். பொருள் இல்லாவிட்டால் கதையையாவது எழுதுங்கள். எங்களுடைய 2011 காட் கட்டைத் தேடிப் பார்த்தோம். கல்வீடு கட்டும்போது கொட்டிலோடு போய்விட்டது. அதை எங்களிடம் ஒருத்தரும் பறிக்கவில்லை, நாங்களே கவனிக்காமல் விட்டதுதான்.

மாமாவுக்கு விக்கிரமசிங்கவின் படம் ஒன்றை இணையத்தில் எடுத்து, கலரில் அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கனநேரம் பார்த்தார். பிறகு திருப்பித் தந்தார்.

"கொப்பி இல்லாமல் இதை எங்க ஒட்டுறது?"