சோடா நீரில் நனைந்த நாயகி

கதைப்படி அவள் பெயர் பெக்கி பெப்பர். உருக்கமான வேடங்களில் நடித்துப் பெயர் வாங்க வேண்டும் என்று ஜார்ஜியாவிலிருந்து அப்பாவோடு ஹாலிவுட்டுக்கு வருகிறாள். கிடைப்பதோ முகத்தில் சோடா பீய்ச்சப்படும் நகைச்சுவை வேடம். அவமானத்தில் அழுபவளைத் தேற்றுகிறான் கோமாளி நடிகன் பில்லி பூன். பெரிய ஸ்டுடியோ அழைத்ததும் பெயரை பட்ரீஷியா பெப்வார் என்று மாற்றிக்கொண்டு, பில்லியையே தெரியாதவள்போல் நடக்கிறாள்; பிரபுப் பட்டம் சொல்லிக்கொள்ளும் சக நடிகனை மணக்கவும் துணிகிறாள்.

கிங் விடோர் இயக்கி, 1928-ல் எம்.ஜி.எம். வெளியிட்ட ‘ஷோ பீப்பிள்’ படம் இது. பேசும்படம் கதவைத் தட்டிய வருடம் என்பதால் வசனமில்லாமல் இசையும் ஒலிகளும் மட்டும் சேர்த்திருந்தார்கள். நகைச்சுவைக் குறும்படங்களிலிருந்து பெரிய நட்சத்திரமாகி, 1925-ல் பிரெஞ்சுப் பிரபுவை மணந்த குளோரியா ஸ்வான்சனின் சாயல் பெக்கியிடம் உண்டு. சார்லி சாப்ளின் சாப்ளினாகவே வந்து அவளிடம் கையெழுத்துக் கேட்கிறார். அவரை யாரென்று அவளுக்குத் தெரியவில்லை!

பெக்கியாக நடித்தவர் மேரியன் டேவிஸ். அவருடைய காதலர், பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட். மேரியனைக் கண்ணியமான சரித்திர நாயகியாகவே பார்க்க விரும்பியவர் அவர். நாயகியின் முகத்தில் கிரீம் பண்டத்தை அப்ப விடோர் திட்டமிட்டபோது ஹெர்ஸ்ட் மறுத்துவிட்டார். சோடா நீர் வந்தது அப்படித்தான். அந்தக் காதல் மேரியனுக்குப் பெரிய படங்களைத் தந்தது. அவரிடம் இயல்பாக ஊறியிருந்த நகைச்சுவைக்கு அணையும் போட்டது. இந்தப் படத்தில் கண்ணை உருட்டி, உதட்டைக் குவித்துப் போலிப் பெருமையை அவர் நடித்துக் காட்டுவதைப் பார்த்தால், எத்தனை நல்ல படங்களை இழந்தோம் என்று மனம் பதைக்கிறது.

படத்தின் கடைசியில் காதல் வெல்கிறது, பெக்கியின் தொழிலும் தப்புகிறது. பில்லியாக நடித்த வில்லியம் ஹெய்ன்ஸுக்கு வாழ்க்கை அந்தச் சலுகையைத் தரவில்லை. அவர் ஜிம்மி ஷீல்ட்ஸ் என்ற ஆணோடு குடும்பம் நடத்தியவர். 1930-களின் தொடக்கத்தில், ஊருக்காக ஒரு பெண்ணை மணந்துகொள் என்று எம்.ஜி.எம். தலைவர் லூயி பி. மேயர் நெருக்கியபோது ஹெய்ன்ஸ் இணங்கவில்லை. எம்.ஜி.எம். கதவு அடைபட்டது, சிறிது காலத்தில் நடிப்பும் முடிந்தது. ஷீல்ட்ஸோடு சேர்ந்து வீட்டு உள் அலங்காரத் தொழிலில் இறங்கினார். ஜோன் கிராஃபோர்ட் போன்ற நட்சத்திரங்களே வாடிக்கையாளர்கள் ஆனார்கள். 1973-ல் ஹெய்ன்ஸ் இறக்கும்வரை இருவரும் பிரியவில்லை.