கட்டைவிரலுக்கும் கணக்கு உண்டு: இன்சூரன்ஸ் நம்ம வீட்டுக்கு வந்த வரலாறு



சேமிப்பு, உள்கடன், வங்கிக்கடன் எல்லாம் நமக்கு அத்துப்படி. ஆனா ஒரு சகோதரி தவணை கட்டாம நின்னா, காரணம் பெரும்பாலும் உடம்புதான். நோயோ விபத்தோ வந்தால் வீட்டில் இரண்டு ஓட்டை விழுகிறது. ஒன்று ஆஸ்பத்திரிச் செலவு. இன்னொன்று, வேலைக்குப் போக முடியாத நாட்களின் கூலி. செலவு எல்லார் கண்ணுக்கும் தெரியும். போன கூலியை யாரும் எழுதி வைப்பதில்லை. எந்த இன்சூரன்ஸ் எந்த ஓட்டையை அடைக்கும் என்பது, அது பிறந்த கதையைக் கேட்டால் புரிந்துவிடும்.

உறுப்புக்குப் போட்ட கணக்கு

நாடு முழுமைக்குமான நோய்க் காப்பீட்டுச் சட்டம் முதலில் வந்தது ஜெர்மனியில், 1883-ல். பிஸ்மார்க் ஆட்சி நடந்த காலம் அது. வைத்தியமும் உண்டு, நோயில் படுத்த தொழிலாளிக்குக் கூலியில் பாதியும் உண்டு. 1884-ல் விபத்துக்கு, 1889-ல் முதுமைக்கும் ஊனத்துக்கும் என்று அடுத்தடுத்து சட்டங்கள் வந்தன. இரண்டு ஓட்டைகளையும் அன்றைக்கே தனித்தனியாகப் பார்த்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் 1923-ல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. வேலையில் அடிபட்டால் முதலாளி பணம் தரவேண்டும். அதில் ஒரு பட்டியல் இருந்தது. இரண்டு கையும் போனால் சம்பாதிக்கும் திறனில் 100 சதவீதம் இழப்பு. கட்டைவிரல் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுசா போனால் 14 சதவீதம். கேட்கவே கஷ்டமா இருக்கும். ஆனாலும் "ஊனம் என்றால் உழைத்துச் சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போனது" என்ற கணக்கு சட்டத்தில் ஏறியது இப்படித்தான்.

இரண்டு ஓட்டைக்கும் ஒரே அட்டை

1944-ல் பேராசிரியர் அதார்கர் கொடுத்த அறிக்கையை வைத்து 1948-ல் இ.எஸ்.ஐ. சட்டம் பிறந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. 1955-ல் நம்ம கோயம்புத்தூருக்கு வந்தது.

இதில் வைத்தியமும் உண்டு, போன கூலியும் உண்டு. நோய்க்காக விடுப்பு எடுத்தால் வருடத்துக்கு 91 நாள் வரை சராசரிக் கூலியில் 70 சதவீதம். வேலையில் அடிபட்டு வீட்டில் இருந்தால் 90 சதவீதம். நிரந்தர ஊனம் என்றால், இழப்பின் அளவுக்கு ஏற்ப மாதாமாதம் பணம். பிரசவத்துக்கு 26 வாரம் முழுக்கூலி.

ஆனால் இது பெரும்பாலும் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு வந்த திட்டம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். களை எடுக்கிறவருக்கும், வீட்டிலேயே தைக்கிறவருக்கும், இட்லிக்கடை போட்டவருக்கும் இதில் இடமில்லை. மில்லுக்கோ கார்மென்ட்ஸுக்கோ போகும் நம்ம வீட்டுப் பிள்ளைகளிடம் மட்டும், "சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்களா, அட்டை இருக்கா?" என்று கேளுங்கள்.

மெடிக்ளைமும் அதன் நிபந்தனைகளும்

1986-ல் அரசு இன்சூரன்ஸ் கம்பெனிகள் மெடிக்ளைம் பாலிசியைக் கொண்டுவந்தன. ஆஸ்பத்திரிச் செலவு மட்டும்தான், கூலி கிடையாது. நோய் வந்த பிறகு ஓடிவந்து பாலிசி எடுப்பார்களே என்ற கவலை கம்பெனிகளுக்கு. அதனால் வந்தவைதான் இன்றும் நாம் பார்க்கும் நிபந்தனைகள்.

பாலிசி எடுத்த முதல் 30 நாளில் விபத்துக்கு மட்டுமே பணம் கிடைக்கும், நோய்க்குக் கிடைக்காது. ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிரஷர் போன்றவற்றுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. முன்பு அதிகபட்சம் 4 வருடம், 2024 விதிப்படி 3 வருடம். சாதாரணமாக 24 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்க வேண்டும். சில பாலிசிகளில் அறை வாடகைக்கு வரம்பு இருக்கும். அதைத் தாண்டிய அறையில் படுத்தால் மற்ற செலவிலும் வெட்டு விழும்.

நமக்குச் சாதகமான விதிகளும் உண்டு. பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கலாம். 5 வருடம் விடாமல் கட்டிவிட்டால், மோசடியை நிரூபித்தாலொழிய, "நோயை மறைச்சிட்டீங்க" என்று சொல்லிக் கம்பெனி கைகழுவ முடியாது. அதற்காக மறைக்க வேண்டாம். படிவத்தில் உள்ள நோயை உள்ளபடி எழுதுவதே பாதுகாப்பு.

பெண்களே உருவாக்கியது

அகமதாபாத்தில் எலா பட் அம்மையார் 1972-ல் தொடங்கிய சேவா அமைப்பு, 1974-ல் பெண்களுக்கென்றே வங்கி நடத்தியது. அங்கேயும் நம்ம கதைதான். கடன் நின்றதற்கு நோயும் சாவும் பெரிய காரணம். 1992-ல் விமோ சேவா என்ற காப்பீட்டைத் தொடங்கினார்கள். நோய், விபத்து, கணவரின் மரணம், வீட்டுச் சாமான் இழப்பு எல்லாம் ஒரே சந்தாவில். பிறகு, ஆஸ்பத்திரியில் படுத்த நாளுக்கு இவ்வளவு என்று போன கூலியை ஈடுகட்டும் பாலிசியும் வந்தது. கூலி வேலை செய்யும் பெண்கள் ஒன்றுசேர்ந்து கேட்டதால் வந்த பாலிசி அது.

இன்று நம்ம கையில் இருப்பது

தமிழ்நாட்டில் 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. பிரீமியத்தை அரசே கட்டுகிறது. முதலில் 72,000 ரூபாயாக இருந்த ஆண்டு வருமான வரம்பு இப்போது 1,20,000. 2018-ல் மத்திய அரசுத் திட்டத்தோடு சேர்ந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று ஆனது. இந்த அட்டை முதல் ஓட்டையை அடைக்கிறது. கூலிக்கு இதில் ஒன்றுமில்லை.

விபத்து ஊனத்துக்கு 2015-ல் பிரதமரின் சுரக்ஷா பீமா வந்தது. வருடம் 12 ரூபாயாக இருந்து 2022 முதல் 20 ரூபாய். 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் மரணம் என்றாலும், இரண்டு கண், இரண்டு கை, இரண்டு கால், அல்லது ஒரு கண்ணோடு ஒரு கையோ காலோ போனாலும் 2 லட்சம். ஒரு கண்ணோ, ஒரு கையோ, ஒரு காலோ மட்டும் என்றால் 1 லட்சம். 1923 சட்டத்தில் கட்டைவிரலுக்கு 30 சதவீதம் இருந்தது. இதில் விரலுக்கு மட்டும் தனியாக எதுவும் இல்லை. கை முறிந்து மூணு மாசம் வேலைக்குப் போகாமல் இருந்து பிறகு குணமானாலும் எதுவும் இல்லை. நிரந்தர இழப்பு என்றால்தான் பணம்.

பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுவது போன்றவற்றுக்கு உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்த பதிவு வேண்டும். சீட்டைப் பத்திரமாக வையுங்கள். ஜூன் முதல் மே வரை ஒரு வருடம். மே மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் பணம் இல்லாவிட்டால் பாலிசி நின்றுவிடும். இரண்டு கணக்கில் 20 ரூபாய் பிடித்தாலும் ஒரு கணக்குக்குத்தான் கிளைம்.

ஆக, ஆஸ்பத்திரிச் செலவுக்கு அட்டை இருக்கிறது. உறுப்பு போனால் கொஞ்சம் இருக்கிறது. காய்ச்சலில் பத்து நாள் படுத்த பெண்ணின் கூலிக்கு, மில் தொழிலாளிக்கு 1948 சட்டம் கொடுத்த உரிமை நமக்கு இன்னும் வரவில்லை. அது வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம். அதற்கிடையில் ஒவ்வொரு குழுவும் மே மாதக் கூட்டத்திலேயே ஒரு வேலையைச் செய்யலாம். தீர்மான நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, யாருக்கு அட்டை இருக்கிறது, யாருக்கு 20 ரூபாய் பிடித்தார்கள், நாமினி யார் என்று பெயர் பெயராக எழுதி வையுங்கள். கூடவே, நோயால் யாருக்கு எத்தனை நாள் வேலை போனது என்றும் குறித்து வையுங்கள். நாளைக்கு நாம் கேட்கப் போகும்போது அதுதான் நம்ம கணக்கு.