தீவில் ஒரு குழந்தைக்கு மூச்சுத்திணறல்: ஐ.சி.யூ. தூரத்தில் இருந்தால் என்ன செய்ய முடியும்?

நள்ளிரவு. கிரேட் நிகோபாரின் கேம்ப்பெல் பேயில் ஒரு வயதுக் குழந்தைக்கு மூச்சுத்திணறல் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் என்றால் 108-க்கு போன் போடலாம். அங்கே பெரிய மருத்துவமனைக்குப் போக கடல்வழி அல்லது வான்வழிதான். வானிலையும் ஒத்துழைக்கணும்.

எவ்வளவு தூரம்?

2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரில் 3.8 லட்சம் பேர். சுமார் 15% பேருக்குத் தாய்மொழி தமிழ். முதன்மை மருத்துவமனையான ஜி.பி. பந்த், ஸ்ரீ விஜயபுரத்தில் (2024 வரை போர்ட் பிளேர்) இருக்கிறது. கேம்ப்பெல் பேயிலிருந்து 500 கி.மீ.க்கு மேல். அங்கும் முடியாவிட்டால், இன்னும் சுமார் 1,350 கி.மீ. தாண்டி சென்னை.

அதனால், முதலில் போய்ச் சேரும் சிறிய மருத்துவமனை என்ன செய்கிறது என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கும்.

செலவு குறைந்த வழிகள் உண்டா?

உண்டு. ஆதாரமும் இருக்கிறது.

- ட்ரையாஜ்: வந்த வரிசையில் பார்க்காமல், ஆபத்தில் இருக்கும் குழந்தையை முதலில் பார்ப்பது. மூச்சு, ரத்த ஓட்டம், சுயநினைவு, வலிப்பு, கடும் நீரிழப்பு ஆகியவற்றைச் சில நிமிடங்களில் சோதிக்க உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுகிறது. மலாவியின் பிளான்டைர் மருத்துவமனை குழந்தைகளுக்கான அவசர சிகிச்சையை இப்படி மாற்றி அமைத்தது. 10-18% ஆக இருந்த உள்நோயாளிக் குழந்தைகளின் இறப்பு 6-8% ஆனது.

- ஆக்சிஜன்: ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்வது கஷ்டம். தீவு நாடான பாப்புவா நியூ கினியில் 5 மருத்துவமனைகளுக்கு பல்ஸ் ஆக்சிமீட்டரும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரும் கொடுத்தார்கள். நிமோனியா வந்த குழந்தைகளில் இறப்பு 4.97 சதவீதத்திலிருந்து 3.22 ஆகக் குறைந்தது (2008, லான்செட்). கான்சென்ட்ரேட்டருக்கு மின்சாரம் போதும்; சிலிண்டர் வரும் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

பெரிய மருத்துவமனை முறையை அப்படியே கொண்டுவந்தால்?

ஆபத்தாகவும் முடியலாம். ஐ.சி.யூ. இல்லாத கிழக்கு ஆப்பிரிக்க மருத்துவமனைகளில், கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டமும் குறைந்திருந்த 3,141 குழந்தைகளிடம் 'ஃபீஸ்ட்' ஆய்வு நடந்தது (2011). திரவத்தை நரம்பு வழியாக வேகமாக ஏற்றிய குழந்தைகளில் சுமார் 10.5% பேர் 48 மணி நேரத்தில் இறந்தார்கள். வேகமாக ஏற்றாதவர்களில் 7.3%.

எதை எண்ண வேண்டும்?

படுக்கைகளை மட்டும் எண்ணினால் போதாது. குழந்தை வாசலுக்கு வந்து எத்தனை நிமிடத்தில் சிகிச்சை தொடங்கியது? ஆக்சிமீட்டர் வேலை செய்கிறதா? ராத்திரி ஷிஃப்டில் பயிற்சி பெற்ற நர்ஸ் இருக்கிறாரா? இறந்த குழந்தைகளில் எத்தனை பேர் முதல் 24 மணி நேரத்தில் இறந்தார்கள்? ஒவ்வொரு தீவுக்கும் இந்தக் கணக்கு தனித்தனியாக வேண்டும். சராசரி எடுத்தால், கேம்ப்பெல் பேயின் கணக்கு ஸ்ரீ விஜயபுரத்தின் கணக்குக்குள் மறைந்துவிடும்.