சம்பா கோயில் சுவரும் சேரிக் கிறித்தவரும்

புதுச்சேரி மிஷன் வீதியில் இருக்கிற ஜென்மராக்கினி மாதா கோயிலை ஊர்ச்சனம் இன்றும் சம்பா கோயில் என்றுதான் சொல்கிறது. சம்பா நெல்லுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. புனித பவுல் பெயரால் சேசு சபைச் சாமியார்கள் கட்டிய கோயில் அது. ‘சான் பவுலோ’ என்ற போர்த்துக்கீசியப் பெயர் நம் சனங்களின் வாயில் சம்பாவாகிவிட்டது. 1692இல் கட்டினார்கள். அடுத்த வருஷமே டச்சுக்காரன் வந்து இடித்தான். மறுபடி கட்டியதை 1761இல் இங்கிலீஷ்காரன் தரைமட்டமாக்கினான். இப்போது நிற்கிற கோயில் 1791இல் மந்திரிக்கப்பட்டது. திருவிழா மலர்களில் இந்த வரலாறு தவறாமல் வரும். யார் இடித்தான், யார் கட்டினான் என்ற கணக்கெல்லாம் சுத்தமாக இருக்கும். ஆனால் கோயிலுக்கு உள்ளேயே ஒரு சுவர் இருந்ததே, அதை யார் எழுப்பினார்கள், யார் கேட்டு அது விழுந்தது என்ற கதை மட்டும் எந்த மலரிலும் வருவதில்லை.

அந்தக் கதை நமக்குக் கிடைப்பது நம்மவர் எழுத்திலிருந்து அல்ல, ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து. 1736 முதல் 1761 வரை எழுதியவர் அவர். கிறித்தவர் அல்ல, சேரிக்கு வேண்டியவரும் அல்ல. பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷாக அப்போது இருந்த கனகராய முதலி கிறித்தவர். அந்தப் பதவியின் மேல் பிள்ளைக்கும் ஒரு கண். எதிர்வீட்டுச் சண்டையைச் சன்னல் வழியாகப் பார்த்து ரசிக்கிற மனசோடு எழுதினார் என்றே வைத்துக்கொள்ளலாம். அந்த ரசனையால்தான் நம் முன்னோர் செய்த ஒரு காரியம் பதிவாகியிருக்கிறது.

1745 அக்டோபரில் அவர் எழுதியிருப்பதன் சாரம் இது. சம்பா கோயிலின் உட்புறம், வடக்குப் பக்கத்தில் ஒரு தடுப்புச் சுவர். அதற்கு ஒரு பக்கம் பறைக் கிறித்தவர்கள். மறுபக்கம் சாதிக் கிறித்தவர்கள், தொப்பாசுகள், வெள்ளைக்காரர்கள். இதைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். மாட்டுக்கறி தின்கிற வெள்ளைக்காரன் முதலியோடு ஒரே பக்கம் முட்டிபோடலாம். அவனுக்கு அதை ஆக்கிப்போடுகிற பறையன் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம். அப்படியென்றால் தீட்டு கறியில் இல்லை, பழக்கத்திலும் இல்லை. அதிகாரம் இல்லாதவன் உடம்பில்தான் இருந்திருக்கிறது!

சுவருக்கு ஒரு பின்கதை உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்ற நொபிலி, மேல்சாதியைப் பிடிக்க வேண்டும் என்று காவி கட்டி, பூணூல் போட்டு, சைவம் தின்று, சேரியை விட்டு விலகி நின்றார். பிறகு 1640 வாக்கில் மற்றவர்களுக்கென்று பண்டாரச் சாமிகள் வந்தார்கள். சாமியாரிலேயே இரண்டு சாதி. இந்த ஏற்பாட்டில் நம் சனங்களுக்கு விழுந்த பெரிய அடி சாவு நேரத்தில். நோயாளிப் பறையனின் குடிசைக்குள் சாமியார் போகமாட்டார். போனால் மேல்சாதிக்காரன் அவரைச் சேர்க்கமாட்டான். சாகக் கிடக்கிறவனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓர் இடத்தில் வைத்தால்தான் அவஸ்தை பூசுவார். உசிரு போகிற நேரத்தில் ஒரு மனுசனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள், மோட்சத்துக்குச் சீட்டு வாங்க.

1703 நவம்பரில் பாப்பரசரின் தூதராகத் தூர்னோன் புதுச்சேரிக்கு வந்து இறங்கினார். 1704இல் அவர் போட்ட ஆணையில் பொட்டு, தாலி, பூப்புச் சடங்கு என்று பல விஷயங்கள் உண்டு. அவற்றோடு, பறையர் நோயில் கிடந்தால் சாமியார் வீட்டுக்கே போய்த் தேவதிரவிய அனுமானங்களைக் கொடுக்க வேண்டும் என்பதும் ஒன்று. நாற்பது வருஷம் ரோமாபுரிக்கும் புதுச்சேரிக்கும் கடிதமாய்ப் பறந்தது. சாதிக்காரன் போய்விடுவானே என்று மிஷன் அழுதது. கடைசியில் 1744இல் பாப்பரசர் 14ஆம் ஆசீர்வாதப்பர் ஆணையை உறுதி செய்தார். கூடவே சேசு சபையார் சொன்ன ஒரு சமரசத்தையும் ஏற்றுக்கொண்டார். பறையருக்கென்று தனிச் சாமியார்களை வைத்துக்கொள்ளலாமாம். வீட்டுக்குள் போகச் சொன்ன சட்டமே நமக்குத் தனிச் சாமியாரையும் கொடுத்தது. சபைச் சட்டங்களை வாசிக்கும்போது இந்த மாதிரி இரண்டாவது வரியைத்தான் நம் ஆள் தேட வேண்டும்.

அடுத்த வருஷம் சுவர். காரைக்காலிலிருந்து வந்த ஒரு சாமியாரின் பேச்சும் இதில் கலந்திருக்கிறது. ஆனாலும் பறைச்சேரிச் சனங்களும், வெள்ளைக்காரர் வீட்டு ஊழியக்காரர்களும் திரண்டு பெரிய சாமியாரிடம் போனார்கள் என்பதுதான் முக்கியம். நாங்களும் கிறித்தவர்கள் என்றால் நடுவில் சுவர் எதற்கு என்று கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்ல அவரால் முடியவில்லை. சுவர் இடிந்தது. எல்லாரும் கலந்து உட்காருங்கள் என்றார்.

பாப்பரசர் ஆணையால் விழுந்தது, சாமியாரின் இரக்கத்தால் விழுந்தது என்று எழுதினால் எழுதுகிறவனுக்குச் சௌகரியம். ஆணைக்கு அப்புறமும் சுவர் நின்றுகொண்டுதான் இருந்தது. சேரி நடந்து போய்க் கேட்ட பிறகுதான் விழுந்தது. போனவர்களில் ஒருவர் பேர்கூடப் பிள்ளை எழுதவில்லை. முதலிமார் பேர் எல்லாம் இருக்கிறது.

இடித்த பிறகு நடந்ததும் கவனிக்கத்தக்கது. கனகராய முதலியின் உறவினர் ஒருவரின் மனைவி மெல்லிய துணியும் நகையுமாகப் பூசைக்கு வந்தார். சாமியார் அந்தப் பெண்ணைக் கண்டபடி திட்டி வெளியே போகச் சொன்னார். சாதிக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்து கோயிலுக்கே வரமாட்டோம் என்று சண்டைக்கு நின்றார்கள். சுவர் போன ஆத்திரமும் பெண்ணை அவமானப்படுத்திய ஆத்திரமும் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஆண்கள் சண்டை கடைசியில் ஒரு பெண்ணின் சேலையில் வந்து நின்றது. சாமியார் கவர்னர் துய்ப்ளேக்ஸிடம் புகார் சொல்ல, கூட்டம் கூடிப் பேசுகிறவர்களைப் பிடிக்கச் சொல்லிக் கவர்னர் உத்தரவிட்டார்.

அடுத்த மாதமே, 1745 நவம்பர் கடைசியில், கனகராய முதலி இறந்துபோன தன் மகன் நினைவாக ஒழுகரையில் கட்டிய அந்திரேயர் கோயிலுக்குப் பெருவிழா எடுத்தார். ஊரையே கூப்பிட்டு விருந்து. அதில் அவரவர் சாதி ஆசாரம் கெடாதபடி சமையலும் பந்தியும். பெரிய கோயிலில் சுவர் விழுந்தால் என்ன, பந்தியில் போட்டுக்கொள்ள அவருக்கு வசதி இருந்தது. கிறித்தவ மதத்தில் இருந்துகொண்டு இப்படிச் செய்கிறாரே என்று பிள்ளையே இடக்காக எழுதிவைத்தார். நமக்கு ஆதரவாக அல்ல, முதலியைக் குத்த.

சுவர் என்றால் கல்லும் சுண்ணாம்பும் மட்டும் இல்லை. எங்கள் ஊர்ப் பங்கில் கல்சுவர் எதுவும் இருந்ததில்லை. ஆனால் யார் எந்தப் பக்கம் உட்காருவது, நன்மை வாங்க யார் முதலில் எழுந்திருப்பது, பூசைக்கு உதவி செய்ய எந்தத் தெருப் பிள்ளை, வாசகம் வாசிக்க எந்த வீட்டுப் பெண் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தேர் எங்கள் தெரு முனைவரை வரும், திரும்பிவிடும். “மாதா வருவா, தூக்குறவன் வரமாட்டான்” என்று என் அப்பாயி சொல்லும். தேருக்கு வரி மட்டும் எங்கள் தெருவிலும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிப்போவார்கள். தப்படிப்பதற்கும் குழி வெட்டுவதற்கும் எங்கள் ஆட்கள். செத்தால் தூம்பா வேறு, பாதை வேறு, கல்லறை வேறு.

இது பழங்கதை என்று சொல்கிறவர்கள் எறையூரை நினைத்துக்கொள்ளட்டும். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்து எறையூர், அதே புதுவை–கடலூர் மறைமாவட்டம்தான். ஜெபமாலை மாதா கோயிலில் வன்னியக் கிறித்தவர் ஆதிக்கம். தலித் கிறித்தவர்களின் பிணம் கோயில் தெருவழியே போகக்கூடாது. கல்லறை தனி. பொறுத்துப் பார்த்த சனங்கள் சகாய மாதா பெயரில் தங்களுக்கென்று ஒரு கோயில் எழுப்பி, அதைத் தனிப்பங்காக்கு என்று கேட்டார்கள். 2008 மார்ச்சில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். மார்ச் 9ஆம் தேதி தலித் தெருவுக்குள் புகுந்து வீடுகளை அடித்து நொறுக்கினார்கள். போலீஸ் சுட்டதில் வன்னியக் கிறித்தவர் இருவர் செத்தார்கள்.

1745இல் சுவரை எடு என்று கேட்ட சனம், 2008இல் எங்களுக்குத் தனிப்பங்கு கொடு என்று கேட்கிறது. இது பின்னடைவு என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கலந்து உட்காரச் சொல்லி இரண்டரை நூற்றாண்டு கழிந்த பிறகும் பிணத்துக்குப் பாதை இல்லாதவன், தன் கோயிலுக்குத் தானே சாவி வைத்துக்கொள்ள நினைப்பதில் என்ன தப்பு? தமிழக ஆயர் பேரவை 1990இலேயே தலித் கிறித்தவர்களுக்காகப் பத்து அம்சத் திட்டம் போட்டது. எறையூர் அதற்குப் பதினெட்டு வருஷம் கழித்து நடந்தது.

பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளில் பெயருக்குப் பக்கத்தில் சாதி எழுதியிருக்கும். சாவுப் பதிவேட்டில் எந்தக் கல்லறை என்பதும் சில இடங்களில் இருக்கும். பங்குச் சாமியாரிடம் கேட்டால் செல்லரித்துவிட்டது என்பார். உபதேசியார் வீடுகளிலும் கோயில்பிள்ளை வீடுகளிலும் நோட்டுகள் கிடக்கின்றன, எடுத்துப் பாருங்கள். தொண்ணூறு வயசுக் கிழவிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எந்தத் தெருவில் தேர் திரும்பியது என்று அவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள்.