மதில் போன வழி: மதுரைக் கோட்டையும் மாநகர வீதிகளும்

மதுரைக்கு வருகிறவர்களிடம் நாம் காட்டும் சின்னங்கள் பெரும்பாலும் மூன்று: மீனாட்சி அம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். இவற்றையெல்லாம் சூழ்ந்து காத்த ஒரு கோட்டை இருந்ததே, அது எங்கே என்று கேட்பவர் குறைவு. அந்த மதில் எப்படிப் போனது என்று தெரிந்தால்தான் இன்றைய மதுரையின் வீதி அமைப்பு விளங்கும்.

பாண்டியர் காலக் கோட்டையை அகற்றிவிட்டு அதற்கு வெளியே பெரிய கோட்டையை எழுப்பியவர் விசுவநாத நாயக்கர் (1529–1564). 72 கொத்தளங்கள், ஒவ்வொன்றும் ஒரு பாளையக்காரர் பொறுப்பில் இருந்ததாக மரபு. பழைய மதிலில் இடிக்காமல் விட்ட கிழக்கு வாசல்தான் கோயிலுக்குக் கிழக்கே இன்றும் நிற்கும் விட்டவாசல்.

திருச்சியில் இருந்த தலைநகரைத் திருமலை நாயக்கர் (1623–1659) மதுரைக்கே கொண்டுவந்த பிறகு நகரம் புது உருவம் பெற்றது. கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபம் எழுந்தது. அதற்கும் கிழக்கே இராயகோபுரம் தொடங்கி, அடித்தளத்தோடு நின்றுபோனது. 1636-இல் எழுந்ததாகச் சொல்லப்படும் மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளமே 1645-இல் தெப்பக்குளமானது என்பது ஊரறிந்த செய்தி. அங்கே மண்ணுக்குள் கிடைத்த முக்குறுணிப் பிள்ளையார் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் அமர்ந்துவிட்டார். அரண்மனைக்குத் தோண்டிய குழியில் தைப்பூசத்தன்று மீனாட்சி அம்மனும் சுவாமியும் தெப்பத்தில் வலம்வருகிறார்கள். அரசு வேலையையும் ஊர்த் திருவிழாவையும் மதுரை இப்படித்தான் ஒன்றோடொன்று பின்னியிருக்கிறது.

நாயக்கர் எழுப்பியவற்றில் முதல் இடிப்பை நிகழ்த்தியவர் வெள்ளைக்காரர் அல்லர். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர். 1665 வாக்கில் தலைநகரைத் திரும்பவும் திருச்சிக்கு மாற்றியபோது, மகாலின் பல பகுதிகளைப் பிரித்துப் பொருள்களை அங்கே கொண்டுசென்றார். இன்று நாம் பார்ப்பது பழைய அரண்மனையில் கால்பங்கு என்பர். 1792-இல் இங்கு வந்த ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் வரைந்துவைத்தது அதன் இடிபாடுகளைத்தான். பின்னர் சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு (1866–1872) ஆணையிட்டுப் பழுதுபார்த்திராவிட்டால் மகாலின் சொர்க்கவிலாச மண்டபமும் நமக்குக் கிடைத்திருக்காது. 1970 வரை அங்கே நீதிமன்றம் நடந்தது.

மகால் அழிந்த அளவை அறிய விளக்குத்தூண் அருகே பத்துத்தூண் சந்துக்குள் போக வேண்டும். இருபுறமும் ஜவுளிக் கடைகள். வேட்டிக் கட்டுகளும் நைட்டி மூட்டைகளும் அடுக்கிய நடைபாதையில் கருங்கல் தூண்கள் திடீரென்று முளைத்து, மின்கம்பிகளைத் தாண்டி மேலே போகின்றன. மேலே தாங்குவதற்கு எதுவும் இல்லை. மகாலின் மற்றொரு பகுதியான ரங்கவிலாசத்தின் எச்சம் இது என்பர். மகாலில் நிற்பதைவிட இந்தச் சந்தில் நிற்கும்போதுதான் அந்த அரண்மனையின் பரப்பு எனக்கு மனத்தில் பதிந்தது.

இரண்டாவதாக நடந்த கோட்டை இடிப்பே நகரை மாற்றியது. 1763–64-இல் மருதநாயகம் என்ற கான்சாகிபுவைப் பிடிக்க ஆங்கிலேயர் மாதக்கணக்கில் முற்றுகையிட வேண்டியிருந்த அளவுக்கு வலுவான கோட்டை அது. 1801-க்குப் பிறகு கிழக்கிந்தியக் கும்பினிக்கு அஞ்ச எதிரி இல்லை. மதிலுக்குள் சனம் பெருகியது. அகழியில் தண்ணீர் தேங்கிக் காய்ச்சல் பரவியது. 1834 முதல் 1847 வரை ஆட்சியராக இருந்த ஜான் பிளாக்பர்ன் கையாண்ட வழி எளியது: மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவருக்கு அந்த இடத்திலேயே மனை. கூலியாக நிலம் கிடைத்ததால் சனங்களே கோட்டையைக் கரைத்தார்கள்.

அப்படிப் பிறந்தவைதான் வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று திருவிழா மாதங்களின் பெயரில் கோயிலைச் சுற்றும் வீதிகள், மாசியைத் தாண்டியதும் மனிதர் பெயருக்கு மாறுகின்றன. மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் அந்த வேலையை நடத்தியவர்கள். ஊர் எங்கே முடிந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. பிளாக்பர்ன் நினைவாக நாட்டிய விளக்குத்தூண், கீழமாசி, தெற்குமாசி வீதிகள் கூடுமிடத்தில் நிற்கிறது.

மதிலை இழந்த நகரம் மதுரை மட்டுமன்று. டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகன் தன் கோட்டை வாயில்களை 1850-களில்தான் இடித்தது. ஆனால் அங்கே மதில் நிலத்தில் பூங்காக்களும் தாவரவியல் தோட்டமும் அமைந்தன. டிவோலி பூங்காவின் ஏரி பழைய அகழியின் துண்டு. நமக்கு அகழி வீடாகவும் கடையாகவும் மாறியது. ஏழைக்கு மனை கிடைத்ததைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அகழியில் ஒரு துண்டையாவது விட்டுவைத்திருக்கலாம்.

பெரியார் பேருந்து நிலையம் அருகே எஞ்சியிருக்கும் மேற்குக் கோட்டை வாசல் ஒன்றே நாயக்கர் கால மதிலுக்கு நேர்ச் சாட்சி. அதை முறையாகப் பாதுகாக்க வேண்டும். மாரட் வீதிகள், பெருமாள் மேஸ்திரி வீதிகள் ஒவ்வொன்றின் முனையிலும், இங்கேதான் கோட்டை இருந்தது என்று தமிழில் ஒரு பலகையை மாநகராட்சி வைக்க வேண்டும்.