ரேஷனை விட்டவரும் மாவு வாங்கியவரும்

சிட்னிக்குப் போகும் தமிழர்கள் தோசை தேடி ஒரு நாளாவது ஹாரிஸ் பார்க் போய்விடுவார்கள். விக்ரம் தெருவில் வரிசையாக இந்தியச் சாப்பாட்டுக் கடைகள். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ரூஸ் தெரு. அதில் ‘எக்ஸ்பெரிமென்ட் ஃபார்ம் காட்டேஜ்’ என்றொரு பழைய வீடு. ஜேம்ஸ் ரூஸ் என்ற பெயர் அங்குள்ள தமிழ்ப் பெற்றோருக்குப் புதிதல்ல. பிள்ளையை எப்படியாவது சேர்த்துவிட வேண்டும் என்று அவர்கள் தேர்வுக்குத் தயார்படுத்தும் அரசுப் பள்ளிக்கு அந்தப் பெயர்தான். அது வேளாண்மைப் பள்ளி என்பதும், ரூஸ் என்பவர் மண்வெட்டி பிடித்தவர் என்பதும் அந்த அவசரத்தில் பலருக்கு நினைவிருக்காது. அந்தப் பகுதிக்கே பெயரான ஹாரிஸ் யார் என்றால், ரூஸ் திருத்திய நிலத்தை 1793இல் 40 பவுண்டு கொடுத்து வாங்கிய மருத்துவர். காடு திருத்தியவர் தெருவோடு நின்றுவிட்டார். விலை கொடுத்தவருக்கு ஊரே கிடைத்தது.

பசிபிக் கடலுக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், டி ஸ்மெட் என்ற சிற்றூர். சார்லஸ் இங்கல்ஸ் அங்கேதான் அடங்கியிருக்கிறார். அவர் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது; மகள் லாரா இங்கல்ஸ் வைல்டர் எழுதிய ‘லிட்டில் ஹவுஸ்’ புத்தகங்களின் ‘பா’ என்றால் உலகத்துக்கே தெரியும். தாடி, பிடில், துப்பாக்கி, கித்தான் போர்த்திய வண்டி என்று முன்னோடி விவசாயிக்கு ஒரு முகமே அவரால் உண்டாகிவிட்டது.

இருவருக்கும் இடையில் ஏறக்குறைய 80 ஆண்டு இடைவெளி. ஒருவர் கைதி, மற்றவர் சுதந்திரக் குடிமகன். ஆனாலும் இவர்களைப் பற்றிச் சொல்லப்படும் புகழ் ஒன்றுதான்: யார் கையையும் எதிர்பார்க்காமல் சொந்தக் காலில் நின்றவர்கள். அந்தக் கால்கள் எதன்மேல் ஊன்றியிருந்தன என்று பார்க்கத்தான் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறேன்.

ரூஸ் 1759இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பிறந்தவர். வயல் வேலையில் வளர்ந்தவர். 1782இல் வீடு புகுந்து திருடியதாகப் பிடிபட்டார். முதலில் மரண தண்டனை. பிறகு அது 7 ஆண்டு நாடுகடத்தலாகக் குறைந்தது. கைதிகளை ஏற்றிச் சென்ற முதல் கப்பல் கூட்டத்தில் ‘ஸ்கார்பரோ’ கப்பலில் 1788 ஜனவரியில் சிட்னி போய்ச் சேர்ந்தார். வந்து இறங்கிய ஆயிரத்துச் சொச்சம் பேரில் விவசாயம் தெரிந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. கொண்டுவந்த விதைக் கோதுமையில் பெரும்பகுதி வழியிலேயே கெட்டுவிட்டது. மாடுகள் காட்டுக்குள் ஓடித் தொலைந்தன. எரு கிடையாது, ஏர் கிடையாது. எல்லாரும் சாப்பிட்டது அரசுப் பண்டகசாலையிலிருந்து அளந்து தந்த ரேஷன்.

1789இல் ரூஸ், தன் தண்டனைக் காலம் முடிந்துவிட்டது என்று ஆளுநர் ஆர்தர் பிலிப்பிடம் போய் நின்றார். அதைச் சரிபார்க்கக் காகிதம் அங்கே இல்லை. பிலிப்புக்கோ வேறொரு கேள்விக்கு விடை தேவைப்பட்டது: ஒரு மனிதன் இந்த மண்ணில் ரேஷன் இல்லாமல் பிழைக்க எத்தனை நாள் ஆகும்? பரமட்டாவில் ஒன்றரை ஏக்கரைத் திருத்திக் கொடுத்தார். குடிசை, கருவிகள், விதை, 2 பெண் பன்றி, 6 கோழி எல்லாம் அரசுச் செலவு. ‘எக்ஸ்பெரிமென்ட்’ என்ற பெயர் அப்படி வந்தது. சோதனை நிலத்தின் மேல்தான் என்றாலும், சோதனைப் பொருள் மனிதன்.

அவர் வேலை செய்த விதம் நமக்குத் தெரியக் காரணம், கடற்படைப் பிரிவு அதிகாரி வாட்கின் டெஞ்ச் நேரில் போய்க் கேட்டு எழுதிவைத்தது. விழுந்த மரங்களை எரித்து, சாம்பலை மண்ணோடு சேர்த்துக் கொத்தியிருக்கிறார். புல்லையும் களையையும் மடக்கிப் புதைத்து, வெயிலும் காற்றும் படும்படி மண்ணை ஆறப்போட்டு, விதைக்கும் முன் இன்னொரு முறை புரட்டியிருக்கிறார். வைக்கோலைக் குழியில் புதைத்து, மக்கக்கூடியதையெல்லாம் அதோடு போட்டு எருவாக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு நாளில் 8, மிஞ்சினால் 9 ‘ராட்’ பரப்புக்கு மேல் கொத்தவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 8 ‘ராட்’ என்றால் சரியாக 5 சென்ட். இன்றைக்கு மனைக்கட்டு விற்பவர்கள் வாயில் புரளும் அந்த 5 சென்ட்தான் அவருடைய ஒரு நாள். அரசுப் பண்ணையில் கைதிகளை விட்டுப் பரப்பாகச் சுரண்டிப் போட்டதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தோட்ட வேலை தெரிந்த எவரும் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள்.

அந்த மாதங்கள் பஞ்ச காலம். உணவு ஏற்றி வந்த ‘கார்டியன்’ கப்பல் 1789 டிசம்பரில் பனிப்பாறையில் மோதியது. 1790 மார்ச்சில் ‘சிரியஸ்’ நார்ஃபோக் தீவருகே உடைந்தது. ரேஷன் வெட்டப்பட்டது. அந்த நிலையில் 1791 பிப்ரவரியில் ரூஸ், இனி எனக்குப் பண்டகசாலை வேண்டாம் என்று சொன்னார். அதற்குப் பரிசாகத்தான் 30 ஏக்கர் அவர் பேருக்கு வந்தது. அந்தக் காலனியில் ஒருவருக்குத் தரப்பட்ட முதல் பட்டா என்று அதைச் சொல்லலாம்.

இங்கல்ஸ் கதையில் நிலத்துக்குப் பஞ்சமில்லை. 1862இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டப்படி சிறு கட்டணம் செலுத்தி, 5 ஆண்டு குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் சொந்தம். 5 சென்டில் நின்ற மனிதரை நினைத்துவிட்டு இந்த எண்ணைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஆனால் ரூஸ் விதைத்தது வயிற்றுக்கு, இங்கல்ஸ் விதைத்தது சந்தைக்கு. இந்த ஒரு வேறுபாடு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது என்று நினைக்கிறேன். கோதுமை விற்று வரும் காசை நம்பி வீட்டுக்கு மரம், கலப்பை, குதிரை எல்லாம் முன்கூட்டியே வந்துவிடும். கதிர் அறுபடுவதற்கு முன்பே அதன் விலை செலவாகியிருக்கும்.

1836இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்த சார்லஸுக்கு ஓரிடத்தில் கால் நிற்காது. 1860இல் கேரலைனை மணந்து விஸ்கான்சினில் குடும்பம் நடத்தினார். 1869இல் கான்சாஸ். 1871இல் மறுபடி விஸ்கான்சின். 1874இல் மின்னசோட்டாவில் வால்நட் குரோவ் அருகே ஓடைக்கரை. வந்த நேரம் சரியில்லை. ராக்கி மலை வெட்டுக்கிளிகள் சூரியனை மறைத்துக்கொண்டு இறங்கிய ஆண்டுகள் அவை. கதிர் போயிற்று, புல் போயிற்று; மண்ணில் முட்டை மட்டும் மிஞ்சியது. அது அடுத்த ஆண்டின் வெட்டுக்கிளி. சார்லஸ் அறுவடைக் கூலி தேடிக் கிழக்கே நடந்தே போனார்.

1875 இறுதியில் அவர் ஒரு காகிதத்தில் கையெழுத்திட்டார். தன்னிடம் எந்த வழிவகையும் இல்லை என்ற உறுதிமொழி அது. அதற்கு ஈடாக அரசு நிவாரணத்திலிருந்து 2 அரைப் பீப்பாய் மாவு கிடைத்தது. மகளின் புத்தகங்களில் ‘பா’ யாரிடமும் தர்மம் வாங்காதவர். அந்த மாவு அங்கே இல்லை.

ஒருவருக்குப் பண்டகசாலைக் கதவை மூடிக்கொண்டு வெளியே வந்ததில் புகழ். மற்றவர் ஒரு முறை உள்ளே போனதைக் குடும்பமே மறைத்தது. எனக்கு இரண்டும் ஒரே காரியமாகத்தான் படுகிறது. ரூஸ் ரேஷனை விட்டார் என்றால், விடுவதற்கு முன் 15 மாதம் அரசு அவருக்குக் கூரையும் விதையும் கொடுத்துத் தாங்கியிருந்தது. பின்னாளில் அந்தக் காலனி விவசாயிகள் விளைந்ததைக் கொண்டுபோய்க் கொட்டியதும் பெரும்பாலும் அதே பண்டகசாலையில்தான். வேறு சந்தை ஏது? இங்கல்ஸ் வீட்டிலும் அப்படித்தான். 1879இல் மூத்த மகள் மேரிக்குக் கண் பார்வை போனது. அயோவாவின் வின்டன் ஊரில் இருந்த பார்வையற்றோர் கல்லூரியில் 1881 முதல் 1889 வரை படித்தாள். கல்விக் கட்டணத்தை, குடும்பம் அப்போது குடியிருந்த டகோட்டா ஆட்சிப் பகுதி கட்டியது. புத்தகத்தில் பெரிதாகத் தெரிவது வீட்டார் காசு சேர்த்த பாடு. அந்தப் பாடும் பொய்யல்ல. உடுப்பும் பயணமும் அவர்கள் தலையில்தான் இருந்தன.

நிலம் யாருடையது என்ற கேள்வியில் இருவருக்கும் அதிக வித்தியாசம் இல்லை. பரமட்டா, டருக் மக்களில் புரமட்டகல் குலத்தாரின் இடம். ஊர்ப் பெயரே அவர்களிடமிருந்து வந்ததுதான். நிலத்தை விற்ற பிறகு ரூஸ் 1794இல் ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் முதலில் குடியேறிய 22 பேரில் ஒருவரானார். அந்தக் கரையில் டருக் மக்கள் தோண்டி உண்ட கிழங்கு விளைந்திருந்தது. அதைப் பெயர்த்துவிட்டு மக்காச்சோளம் போட்டார்கள். கிழங்கை இழந்தவர்கள் சோளம் ஒடிக்க வந்தபோது துப்பாக்கி பேசியது.

கான்சாஸில் இங்கல்ஸ் கட்டிய மரவீடு ஓசேஜ் மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த நிலத்துக்குள் இருந்தது. நம் தாசில்தார் பாஷையில் ஆக்கிரமிப்பு. 1870 மக்கள்தொகைக் கணக்கில் அவர் நிலத்தின் மதிப்பு எழுத வேண்டிய கட்டம் காலி. நிலம் ஓசேஜ் மக்களுடையது என்று கணக்கெடுத்தவரே குறித்திருக்கிறார். அரசாங்கம் விரட்டியதால் கிளம்பினார்கள் என்கிறது ‘லிட்டில் ஹவுஸ் ஆன் தி ப்ரெய்ரி’. உண்மையில், விஸ்கான்சின் நிலத்தை வாங்கியவரால் பணம் கட்ட முடியாமல் போனது முக்கியமான காரணம். அந்த நிலம் திரும்ப இவர்கள் கைக்கு வந்தது. அந்த நூலின் 1935 பதிப்பில், அமெரிக்க இந்தியர்கள் வாழ்ந்த நிலத்தை மனிதர்களே இல்லாத நிலம் என்று சொல்லும் இடம் ஒன்று இருந்தது. வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டிய பிறகு 1953இல் சொல்லை மாற்றினார்கள். அமெரிக்க நூலகச் சங்கம் லாராவின் பெயரில் கொடுத்துவந்த விருதின் பெயரை 2018இல் மாற்றியது.

மனைவிமாரைப் பற்றித் தெரிவது குறைவு. எலிசபெத் பெரியும் கைதிதான். 1790இல் பெண் கைதிகளை ஏற்றி வந்த ‘லேடி ஜூலியானா’வில் வந்தவர். அந்த ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி ரூஸுக்கும் அவருக்கும் திருமணம். டெஞ்சிடம் ரூஸ் தன் மனைவி நல்ல உழைப்பாளி என்று சொல்லியிருக்கிறார். சோதனையின் கடைசி மாதங்களில் அவரும் மண்வெட்டி பிடித்திருப்பார் என்பது என் ஊகம். ஆனால் தெருப் பெயரிலோ பள்ளிப் பெயரிலோ அவர் இல்லை. கேரலைன் அந்த வகையில் கொடுத்து வைத்தவர், மகள் எழுத்தாளர். டி ஸ்மெட்டுக்கு மேல் ஒரு அடி நகர மாட்டேன், பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று கணவனின் காலைக் கட்டிப்போட்டவர் அவர்தான். மேற்கே இன்னும் நிலம் கிடக்கிறது என்ற ஆசை சார்லஸுக்குக் கடைசிவரை போகவில்லை.

எழுத்திலும் இருவரையும் ஒப்பிட வேண்டும், ஏனென்றால் இருவரும் நமக்குக் கிடைப்பது எழுத்தின் வழியாகத்தான். ரூஸ் தன் கல்லறைக்கல்லில் பொறிக்க வேண்டியதைச் சாவதற்கு முன் தானே செதுக்கிவைத்தார் என்பார்கள். எழுத்துப் பிழைகள் மலிந்த சில வரிகள். தாய் தன்னைப் பாடுபட்டு வளர்த்ததையும், இந்தக் காலனியில் முதல் தானியத்தைத் தான் விதைத்ததையும் அவை சொல்கின்றன. முதல் தானியம் என்பது சரியான கணக்கல்ல. ஹென்றி டாட் மேற்பார்வையில் இருந்த ரோஸ் ஹில் அரசுப் பண்ணையில் 1789 இறுதியிலேயே கோதுமை அறுத்தாகிவிட்டது. சொந்தக் கணக்கில் விதைத்துத் தன் சோற்றைத் தானே விளைவித்துக்கொண்டதில் அவர் முதல்வர். படிக்காத மனிதர் கல்லில் செதுக்கிய அந்தச் சின்னப் பெருமையோடு சண்டை போட எனக்கு மனம் வரவில்லை.

லாராவின் கணக்கு அப்படி எளிதல்ல. 1930இல் அவர் எழுதிய ‘பயனியர் கேர்ள்’ என்ற நினைவுக்குறிப்பு அச்சேறியது 2014இல்தான். குழந்தைகளுக்கான நாவல்களில் அவர் விட்டவை அதில் இருக்கின்றன. 9 மாதத்தில் இறந்த தம்பி ஃப்ரெடி இருக்கிறான். நிலம் போன பிறகு அயோவாவின் பர் ஓக் ஊரில் ஓட்டல் ஒன்றில் குடும்பமே வேலை பார்த்தது இருக்கிறது. வீட்டுக்காரருக்கு வாடகை பாக்கி வைத்துவிட்டு இரவோடு இரவாக வண்டி கட்டியதும் இருக்கிறது. நாவல்களைச் செப்பனிட்டவர் மகள் ரோஸ் வைல்டர் லேன். ரூஸ்வெல்ட் அரசின் நிவாரணத் திட்டங்களை வெளிப்படையாக எதிர்த்தவர். 1930களின் பொருளாதார மந்தத்தில் மற்றவர்கள் அரசு உதவிக்கு வரிசையில் நின்றபோது, யார் உதவியும் இல்லாமல் நின்ற தாத்தா ஒருவர் அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டார் என்று படிப்பதுதான் எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது.

நம் வீடுகளிலும் தாத்தா தனி ஆளாகக் கிணறு வெட்டினார் என்றுதான் சொல்வோம். கல் உடைத்தவர்களின் பெயர் யாருக்கு நினைவிருக்கிறது?

கடைசிக் காலத்தில் இருவரும் சொந்த நிலத்தில் உழவில்லை. ஹாக்ஸ்பரியில் வெள்ளமும் கடனும் ரூஸை அலைக்கழித்தன. 1828 வாக்கில் அவர் இன்னொருவரின் பண்ணையில் மேற்பார்வையாளர். 1837 செப்டம்பர் 5ஆம் தேதி இறந்தார். அது அவருடைய திருமண நாள். சார்லஸ் டி ஸ்மெட் அருகே எடுத்த ஹோம்ஸ்டெட் நிலத்துக்கு 1886இல் உரிமை பெற்றார்; பிறகு அதை விட்டு ஊருக்குள் வந்து தச்சு வேலை பார்த்தார். 1902 ஜூனில் இறந்தார். அவருடைய பயிரை அழித்த ராக்கி மலை வெட்டுக்கிளி உயிரோடு கடைசியாகப் பிடிபட்டதும் அதே 1902இல்தான். பிறகு அந்த இனமே கண்ணில் படவில்லை. அவருடைய பிடில் மிசூரியின் மேன்ஸ்ஃபீல்டில், லாரா வாழ்ந்த பண்ணையின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.