பகடை காட்டும் வழியில் ஒரு கறுப்பு நாய்

ஜப்பானில் புத்தாண்டு பிறந்தால் பிள்ளைகள் ஒரு பெரிய தாளைத் தரையில் விரித்து, சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டுவது நெடுநாள் வழக்கம். ஆட்டத்தின் பெயர் சுகோரோக்கு. ‘ஃபுரிதாஷி’ என்ற கட்டத்தில் காயை வைத்துத் தொடங்கி, விழுந்த எண்ணுக்கு நகர்த்தி, முதலில் ‘அகாரி’யை அடைகிறவர் வெல்வார். சில தாள்களில் வரிசைப்படி போக வேண்டும். வேறு சிலவற்றில் எந்த எண் விழுந்தால் எங்கே தாவுவது என்று ஒவ்வொரு கட்டத்திலும் எழுதியிருக்கும். இரண்டிலும் ஆடுபவரின் சாமர்த்தியத்துக்கு வேலை இல்லை. அப்படியென்றால் பிள்ளைகளைத் தாளோடு கட்டிப்போட்டது எது? கட்டங்களில் இருந்த படங்கள்தான் என்பது என் முடிவு. பகடை எண்ணை மட்டுமே தருகிறது. அதைக் கதையாக்குவது படம்.

பெயர் ஒன்றானாலும், பேரரசி ஜிதோ 689-இல் தடை செய்த சுகோரோக்கு, இரு பக்கமும் காய் வைத்து ஆடும் வேறு ஆட்டம். படத்தாள் வகையில் பழையது பௌத்தம் சார்ந்த ‘ஜோதோ சுகோரோக்கு’. அதன் பகடையில் எண்களுக்குப் பதில் எழுத்துகள் இருந்தன. நரகத்துக்குச் சரிவதும் தூய உலகத்துக்கு ஏறுவதும் அவற்றின் கையில். நம் பரமபத சோபன படத்தை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. புனிதமாகத் தொடங்கிய தாளில் கடைசியில் ஒரு சிறுவர் இதழின் கேலிச்சித்திர நாய் வந்து உட்கார்ந்தது வீழ்ச்சிதானே என்று கேட்கலாம். இடையில் நடந்ததைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியவில்லை. எடோ காலத்து மரக்கட்டை அச்சு மலிந்தபோதே எடோ நகரிலிருந்து கியோத்தோ வரையிலான தொக்கைதோ சாலையின் 53 தங்குமிடங்கள் கட்டங்களாகிவிட்டன. ஹிரோஷிகே போன்ற பெரிய ஓவியர்களே அத்தாள்களை வரைந்தார்கள். கபுகி நடிகர்களின் முகங்களும் ஏறின. அந்தந்தக் காலத்து மக்கள் யாரைப் பின்தொடர ஆசைப்பட்டார்களோ அவர்களுக்கு இந்தத் தாள் எப்போதும் இடம் கொடுத்திருக்கிறது.

பிறகு சிறுவர் இதழ்கள் புத்தாண்டு இதழோடு சுகோரோக்குத் தாளை இணைப்பாகத் தந்தன. ‘ஷோனென் குராபு’ இதழில் 1931-இல் தாகாவா சுய்ஹோ தொடங்கிய ‘நோராகுரோ’ ஓர் அனாதைக் கறுப்புத் தெருநாயின் கதை. நாய்ப் படையில் கடைநிலைச் சிப்பாயாகச் சேரும் அது, தவறு செய்து, திட்டு வாங்கி, படிப்படியாகக் கேப்டனாக உயர்கிறது. இந்த ஆட்டத்துக்கு இதைவிடப் பொருந்தும் பாத்திரம் கிடைப்பது அரிது. ஒவ்வொரு பதவியும் ஒரு கட்டம், ஒவ்வொரு தவறும் ஒரு பின்னடைவு. இங்கே எழும் வலுவான மறுப்பை நான் ஒதுக்க மாட்டேன். படத்துக்கு இவ்வளவு சக்தி இருந்தால், படைவாழ்வையே இலட்சியமாகப் பிஞ்சு மனங்களில் பதிக்கவும் அதே தாள் உதவியிருக்குமே? உதவியது. போர்க்காலத்தில் படை வெற்றிகளை வரைந்த சுகோரோக்குகள் பிள்ளைகள் கைக்குப் போயின. அது வேதனையான வரலாறு. ஆனால் அந்த மறுப்பு என் வாதத்தைக் குலைக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது. படம் வெறும் அலங்காரம் என்றால் அதைப் போருக்குப் பயன்படுத்த யாரும் மெனக்கெட்டிருக்க மாட்டார்கள். நோராகுரோ தொடரும்கூட 1941-இல் அதிகாரிகளின் நெருக்குதலால் நின்றது.

போருக்குப் பின்னும் தாள் மாறியதே தவிர ஆட்டம் மாறவில்லை. 1988-இல் வெளிவந்த ‘மோமோதாரோ தென்தெட்சு’ வீடியோ விளையாட்டில், நாட்டார் கதையின் பீச் பழச் சிறுவனின் பெயரில் பிள்ளைகள் ரயில் நிறுவன முதலாளிகளாகிப் பகடை உருட்டினார்கள். கட்டங்கள் ஜப்பானின் ஊர்கள். தொக்கைதோ தாளில் கால்நடையாகக் கடந்த வழியை இப்போது ரயிலில் கடந்தார்கள்.